ஏட்டில் இரண்டு செல்லாயி

மேற்கு ஜெர்மனியில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் ஒரு நாய் இருக்கிறது. அதன் கழுத்தில் நகராட்சி எண் பொறித்த தகடு தொங்கும். போன மாதம் அதற்குப் பதினொரு வயது நிறைந்தது என்று கீழ்வீட்டு அம்மாள் எனக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தார். நாயின் பிறந்த நாள் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பத்திரம் இருக்கிறதே" என்றார். கேக்கைத் தின்றுவிட்டு வேலைக்குப் போனேன். அப்போது என்னிடம் பத்திரம் இல்லை.

இங்கே நான்கு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். இந்த முறை தங்கும் அனுமதியை நீட்டிக்கப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். மூன்று மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டும். பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் பாடுபடும் எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். எட்டாம் வகுப்பிலேயே ஊருக்கே மனு எழுதிக் கொடுத்தவள். ஒரு சான்றிதழ் எனக்குப் பெரிய காரியமாகத் தோன்றவில்லை. அப்பாவுக்கு எழுதினேன்.

வந்த உறையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, செல்லாயி பிறந்ததற்கு. மற்றொன்று, எட்டு மாதக் குழந்தை செல்லாயி காய்ச்சலில் இறந்ததற்கு. கூடவே, அப்பா சொல்லத் தபால்காரர் எழுதிய கடிதம்: "சாமி, ஆபீசுல உன் பேருல ரெண்டு காயிதம் இருக்குதுன்னாங்க. ரெண்டும் உன்னுதுதானேன்னு வாங்கி அனுப்பியிருக்கறேன்."

செல்லாண்டியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, எனக்கு முன் பிறந்த அக்காளுக்கு வைத்த பெயர் அது. அவள் போனபின் பிறந்த எனக்கும் அதையே வைத்தார்கள். என் பிறப்பை மட்டும் யாரும் பதியவில்லை. அக்காளின் பிறந்த தேதி என் பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த தேதிக்கு இரண்டு வருடம் முந்தையது. அதை விளக்கப்போய் இரண்டாவது காகிதத்தையும் இங்குள்ள அனுமதி ஆபீஸ் அதிகாரியிடம் நீட்டினேன். படித்தவள் செய்யும் தவறு.

"நீங்கள் இறந்திருக்கிறீர்கள்" என்றார் அவர், வருத்தத்தோடு.

"அது என் அக்காள்."

"அக்காள் பெயர்?"

"செல்லாயி."

"உங்கள் பெயர்?"

"செல்லாயி."

"வீட்டில் கூப்பிட்டால் யார் போவீர்கள்?"

"அவள் இறந்த பிறகுதான் நான் பிறந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியென்றால் உங்களுக்குக் காகிதமே இல்லை."

"நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேனே."

"பார்க்கிறேன். ஆனால் அதைக் கோப்பில் வைக்க முடியாது."

விடுப்பு எடுத்து ஊருக்குப் போனேன். என்னை ஏன் பதியவில்லை என்று அப்பாவிடம் கேட்டேன். "பேருதான் மொதல்லயே எழுதியிருந்துச்சே சாமி. ஒருக்கா எழுதுன பேரை மறுக்கா எதுக்கு எழுதறது?" என்றார். அவரைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா ஏட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"சுளுவா முடிச்சரலாமுங்க. இந்தச் சாவை அடிச்சுட்டா அந்தப் பொறப்பு இந்தம்மாளுதுன்னு ஆயிரும். ரெண்டு வயசு கூடும், அவ்வளவுதான்."

அலுத்துப் போயிருந்தேன். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன்.

"வேண்டாமுங்க" என்றார் அப்பா.

"ஏனுங்க, உசுரோட இருக்கற புள்ளைக்குத்தானுங்க கேக்கறீங்க?"

"செத்துப்போன புள்ளை இருந்துச்சுங்கறதுக்கு வேற என்னங்க இருக்குது? ஒரு போட்டோவா, துணியா? சாகலைன்னு எழுதிட்டா அது பொறக்கவே இல்லைன்னு ஆயிருமுங்களே."

எனக்குக் கோபம்தான் வந்தது. என் வேலை போய்விடும் என்று கத்தினேன். அவர், ஏட்டில் அக்காளின் வரி எங்கே இருக்கிறது என்று குமாஸ்தாவிடம் கேட்டார். குமாஸ்தா விரல் வைத்துக் காட்டினார். படிக்கத் தெரியாத அந்த வரியை அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பேனாவை மூடினேன்.

அதன்பின் நீண்ட வழி. மாஜிஸ்திரேட் முன்னால் அப்பா கைநாட்டு வைத்தார். நான் பிறந்தது உண்மை என்று பக்கத்துக் கொடிக்கால்காரர் சாட்சி சொன்னார். "நேருல நிக்கறாளுங்க, பொறக்காமயா வந்தா?" என்று அவர் திருப்பிக் கேட்டதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. பிறந்த தேதி அப்பாவுக்கு நினைவில்லை. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் என்றைக்கோ உத்தேசமாகப் போட்டு, பாஸ்போர்ட்டிலும் ஏறிய தேதியே நிலைத்தது. அதோடு என் பிறப்பும் ஏட்டில் ஏறியது.

கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது ஜெர்மன் அதிகாரியின் மேசையில் என் காகிதத்தை வைத்தேன். அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். புதுப் பதிவு அட்டை எடுத்து என் பெயரையும் பிறப்பையும் எழுதினார். அடியில் ஒரு கோடு வெறுமையாக இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன்.

"இறப்புக்கு. கவலைப்படாதீர்கள், அதை நாங்களே நிரப்பிக்கொள்வோம்."

அக்காளுக்கு இரண்டு வரியும் ஒரே ஏட்டில் இருக்கின்றன. எனக்கு ஒரு வரி அங்கே எழுதியாயிற்று. மற்றதற்கு இங்கே கோடு போட்டு இடம் விட்டிருக்கிறார்கள்.