ஓர் ஆளுக்குச் சாம்பார்

துவரம்பருப்பை டம்ளரில் அள்ளிக் கண்ணருகே வைத்துக் குனிந்து பார்க்கிறார் ராதாகிருஷ்ணன். உள்ளே ஆணியால் கீறிய கோட்டுக்கு மேலே நாலைந்து பருப்பு துருத்திக்கொண்டிருந்தால் அதையும் பொறுக்கி டின்னில் போடுகிறார். பிறகுதான் பருப்பு உலைக்குப் போகும்.

செல்லூரில் எங்கள் சந்தில், தறிச் சத்தத்துக்கு நடுவே இருக்கிறது அவர் வீடு. சௌராஷ்டிரக் கல்யாணங்களுக்குச் சமைத்தவர். ஆயிரம் பேர் என்றாலும், "பருப்பு நாப்பது கிலோ, புளி எட்டு கிலோ, அம்புட்டுதான்" என்று மனக்கணக்காகச் சொல்லுவார். நூறு பேருக்குக் குறைந்து அவர் அடுப்பு மூட்டியதில்லை. வேலை முடிந்து வந்த மனுஷன் வீட்டிலும் கரண்டி பிடிக்கக் கூடாது என்பது மனைவி பத்மாசினியின் கண்டிப்பு.

தொண்ணூற்றெட்டில் பத்மாசினி காய்ச்சலில் போய்விட்டார். முழங்கால் வலியால் கல்யாண வேலை அதற்கு முன்பே நின்றிருந்தது. பெங்களூரிலிருக்கும் மகன் ஹரிஷ்குமார் கூப்பிட்டுப் பார்த்தான், இவர் போகவில்லை. அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாகத் தனக்கென்று உலை வைத்தார். சாம்பார் ஒரு குண்டான் வந்தது.

எதிர்வீட்டில் தறி ஓட்டும் ஒச்சம்மாள் தூக்குவாளியோடு வந்து வாங்கிப்போனார். மறுநாளும் குண்டான் நிறைந்தது. அப்புறம் நாலைந்து வீடுகளிலிருந்து பாத்திரங்கள் வந்தன. வாங்க வந்தவர்கள் வாசலில் நின்று, தண்ணீர் வராதது, தறிக்குப் பாவு நூல் கிடைக்காதது என்று ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். அவருக்கோ கூச்சமாக இருந்தது. பந்தியில் மிஞ்சினால் சமையல்காரனுக்குத்தானே கெட்ட பெயர்.

ஒருநாள் வீட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு சின்னக்கருப்பனின் மளிகைக்கடைக்குப் போனார். நானும் அங்கே நின்றிருந்தேன். ஒவ்வொரு சாமானையும் டம்ளரில் தலைதட்டி நிறுக்கச் சொன்னார். அரிசியும் பருப்பும் டம்ளருக்கு இருநூறு கிராம் நின்றன, ரவை நூற்றெழுபது, மைதா நூற்றிருபதுக்கு மேல் ஏறவில்லை. ஆயிரம் பேர் கணக்கை வகுத்துப் பார்த்ததில் தனக்குப் பருப்பு நாற்பது கிராம், டம்ளரில் ஐந்தில் ஒரு பங்கு என்று தெரிந்தது. பெருங்காயத்தையும் நிறுக்கச் சொன்னார். சின்னக்கருப்பன் ஒரு சிட்டிகையைத் தட்டில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தராசு அசையவே மாட்டேங்குதுண்ணே."

"ஒரு ஆளுன்னா அம்புட்டுதான் போல" என்றார் ராதாகிருஷ்ணன். டம்ளரை வேட்டியில் துடைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

கோடு கீறிய ஒரு வாரத்தில் சாம்பார் கச்சிதமாக வந்தது. அன்றைக்குத் தூக்குவாளியோடு வந்த ஒச்சம்மாள், "நல்லதுதானண்ணே, வீணாப் போவாம" என்று சொல்லிவிட்டு வெறும் வாளியோடு போனார். அப்புறம் வரவில்லை. மற்ற வீட்டுப் பாத்திரங்களும் நின்றுபோயின.

போன வாரம் மத்தியானம் நான் போனபோது சாப்பிட்டு முடித்திருந்தார். சாம்பார் எப்படி வந்தது என்று கேட்டேன். பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினார். "ஒரு சொட்டு மிஞ்சல, பாருங்க." தொழில்காரரின் பெருமை குரலில் இருந்தது.

சந்தில் செருப்புச் சத்தம் கேட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், அந்தக் காலிப் பாத்திரத்தையும் கரண்டியையும் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை போய் நின்றார்.