மூணு நாள் மேஸ்திரி வீட்டில் குழந்தைக்கு ஓர் அறை

அவருக்கு மூணு நாள் மேஸ்திரி என்று பெயர் விழுந்ததற்குத் தொழில்தான் காரணம். பெரிய கண்காட்சி அரங்குக்குள் கம்பெனிக்காரர்கள் போடுகிற ஸ்டால்களுக்கு மரவேலை செய்கிறவர் அவர். பலகையையும் துணியையும் வைத்து ஒரு வங்கியைக் கட்டுவார், ஒரு சமையலறையைக் கட்டுவார். ஒருமுறை ஏறிப் பார்க்கப் படிக்கட்டோடு அரை விமானம்கூடக் கட்டியிருக்கிறார். மூன்று நாள் ஜனங்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். நான்காம் நாள் அவரே எல்லாவற்றையும் கழற்றி லாரியில் ஏற்றுவார். இதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. கட்டுவதற்கும் கூலி, பிரிப்பதற்கும் கூலி.

அவர் மனைவி ஒரு டாக்ஸி கம்பெனியில் போன் எடுக்கிறவர். எங்கே ஏறணும், எங்கே போகணும், எத்தனை பேர். இந்த மூன்று கேள்விகளையும் ஒரே குரலில், ஒரே வேகத்தில் கேட்பார். பிரசவத்துக்குக் கிளம்புகிறவர்களிடமும் அதே குரல்தான், துக்கத்துக்குப் போகிறவர்களிடமும் அதே குரல்தான்.

இருவருக்கும் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. வைத்தியம் பார்த்தார்கள். சேமிப்பெல்லாம் தண்ணீரில் போட்ட உப்பாகக் கரைந்தது. ஒருநாள் ஆஸ்பத்திரிப் படி இறங்கும்போது, "போதும்ங்க" என்றார் மனைவி. "எனக்கும் போதும்" என்றார் மேஸ்திரி. அப்படியே பஸ் ஏறிக் குழந்தைகள் இல்லத்துக்குப் போய், தத்தெடுக்க எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அதன்பிறகு காத்திருந்தார்கள். காத்திருப்பதையே மறந்துபோகிற அளவுக்குக் காத்திருந்தார்கள்.

போன் வந்தபோது மனைவி வேலையில் இருந்தார். இல்லத்து அதிகாரி பேசினார். ஒரு பெண் குழந்தை இருக்கிறது, ஏழு மாதம், உங்களுக்கென்று முடிவாகியிருக்கிறது என்றார். மனைவிக்கு மூளை வேலை செய்யவில்லை, வாய் மட்டும் பழக்கத்தில் வேலை செய்தது.

"எங்க இருந்து ஏறணும்?" என்று கேட்டுவிட்டார்.

"எங்க இல்லத்துல இருந்துதான்" என்றார் அதிகாரி. "போறப்ப ரெண்டு பேர், திரும்பறப்ப மூணு பேர்."

அதற்கு முன்னால் அவர் வீட்டை வந்து பார்க்க வேண்டுமாம். குழந்தைக்கென்று தனியாக ஒரு அறை இருந்தால் நல்லது என்றார். வருகிற வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார்.

அறை இருந்தது. அதன் தரையை யாரும் பார்த்துத்தான் வெகுகாலம் ஆகியிருந்தது. ஸ்டால் பிரிக்கும்போதெல்லாம் மேஸ்திரி எதையாவது தூக்கிக்கொண்டு வருவார். பலகைத் துண்டுகள், சுவரில்லாத ஒரு கதவு, பாதி வரவேற்பு மேஜை. "எதுக்காவது ஆகும்" என்பார். எதற்கும் ஆனதில்லை. அன்று சாயங்காலம் மனைவி அந்த அறை வாசலில் வந்து நின்றார்.

"எதுக்காவது ஆகும்னீங்களே" என்றார். "இப்ப ஆகட்டும்."

கையில் இருந்த பணத்தை எண்ணிப் பார்த்தார்கள். எண்ணிப் பார்க்க அதிக நேரம் பிடிக்கவில்லை. ஆனாலும் தொட்டில் ஒன்றாவது புதிதாக வாங்கலாம் என்று கடைக்குப் போனார்கள். நாலு பக்கமும் சின்னச் சின்ன மரச்சட்டங்களாக அழி போட்ட ஒரு தொட்டில் மனைவிக்குப் பிடித்திருந்தது. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். மேஸ்திரி அதை விரல் முட்டியால் தட்டினார். உள்ளே வெறும் மரத்தூள் பலகைதான் என்று கடைப்பெண்ணிடம் சொல்லி மானத்தோடு வெளியே வந்துவிடலாம் என்பது அவர் எண்ணம். மறுபடி தட்டினார். குனிந்து அடியில் பார்த்தார்.

"என்ன?" என்றார் மனைவி.

"நல்ல மரம்" என்றார் மேஸ்திரி.

பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். பஸ் வந்ததும், "நானே செஞ்சுடறேன்" என்றார் அவர்.

அந்த வாரம் அரங்கில் இரண்டு கண்காட்சிகள் முடிந்திருந்தன. ஒன்று மெத்தைக் கம்பெனிகளுடையது, இன்னொன்று பல் டாக்டர்களுடையது. கம்பெனிக்காரர்கள் வேண்டாமென்று விட்டுப்போவதைப் பிரிக்கிற ஆட்கள் எடுத்துக்கொள்ளலாம். மெத்தைக்காரர்கள் ஒரு பெரிய சுருள் சுவர்த்தாளை விட்டுப்போயிருந்தார்கள். நீல வானம், வெள்ளை மேகம், பார்க்க அவ்வளவு குளுமை. ஒரே ஒரு குறை. நாலு மேகத்துக்கு ஒருதரம் 'முதுகு வலியா?' என்று கொட்டை எழுத்தில் கேட்டது. மேஸ்திரி உட்கார்ந்து அந்த இடங்களையெல்லாம் வெட்டி எடுத்து, வேறு மேகம் வைத்து ஒட்டினார். இரண்டு சுவருக்குத்தான் வந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு முழம் தாள் போதாமல், வெட்டிப்போட்ட துண்டு ஒன்றையே ஒட்ட வேண்டியிருந்தது. அங்கே மட்டும் 'வலியா?' என்று இருக்கட்டும், கதவைச் சாத்தினால்தானே தெரியும் என்று விட்டுவிட்டார்.

மற்ற இரண்டு சுவருக்கும் வெளிர் மஞ்சள் அடிக்க வேண்டும் என்பது மனைவியின் உத்தரவு. பெண் குழந்தை என்றால் ரோஸ்தான் அடிக்கணும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தார். மேஸ்திரி மீந்துபோன பெயின்ட் டப்பாக்களை ஒன்றாகக் கலக்கினார். ஒரு டப்பாவில் பேர் அழிந்துபோயிருந்தது. வெள்ளையாகத்தான் இருக்கும் என்று ஊற்றினார். அது சிவப்பு. காய்ந்த பிறகு சுவர் ரோஸாகிவிட்டது. ரோஸ் என்றாலும் பூவின் ரோஸ் இல்லை, பல் ஈறின் ரோஸ்.

அந்தச் சுவரில்தான் பல் டாக்டர்கள் விட்டுப்போன விளக்குப் பெட்டியை மாட்டினார். சுவிட்சைப் போட்டால் ஒரு பெரிய கடைவாய்ப்பல், கையில் பிரஷ்ஷோடு, சிரித்துக்கொண்டு ஒளிவிடும். மனைவி வந்து பார்த்தார். அறைக்குள் நிற்பது யாருடைய வாய்க்குள்ளோ நிற்பது மாதிரி இருந்தது.

"பல்லே முளைக்காத குழந்தைக்குப் பல் படமா?"

"இனிமே முளைக்கும்ல" என்றார் மேஸ்திரி.

மனைவி பல்லைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "மஞ்சள் கேட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

புதன்கிழமை மேஸ்திரியின் அக்கா வந்தார். தம்பி தத்தெடுக்கப் போகிறான் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு, "யாரு பெத்ததோ, என்ன ரத்தமோ" என்று ஒரு வார்த்தை விட்டவர் அவர். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. அதற்குப்பிறகு மேஸ்திரியின் மனைவி அவரிடம் வாங்க, உட்காருங்க என்பதற்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை.

அன்றும் "வாங்க அண்ணி, உட்காருங்க" என்றார். அக்கா உட்காரவில்லை. நேரே அறைக்குள் போனார். சுவரைத் தடவிப் பார்த்தார். "ரோஸ் அடிச்சிருக்கீங்க. அதான் சரி" என்றார். மேஸ்திரி மனைவியின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அக்கா ஜன்னலைத் திறந்து கீழே எட்டிப் பார்த்தார். வீடு மூன்றாவது மாடி.

"ஏண்டா, மேகம் ஒட்டியிருக்க, பல்லுக்கு லைட்டு போட்டிருக்க. ஜன்னலுக்கு ஒரு கம்பி இல்லையே. பிள்ளை பிடிச்சு நிக்க ஆரம்பிச்சா என்ன பண்ணுவ?"

"வாங்கணும்க்கா. இந்த மாசம் கொஞ்சம் இழுபறி."

அக்கா கிளம்பிப் போய்விட்டார். மறுநாள் ஒரு சரக்கு வேன் வாசலில் வந்து நின்றது. முன்சீட்டில் அக்கா, பின்னால் ஒரு இரும்புக் கம்பிச் சட்டம். வெள்ளை பெயின்ட் அடித்தது, ஓரத்தில் இன்னும் சிமென்ட் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது எங்க வாங்கினது?" என்றார் மேஸ்திரி.

"வாங்கல. எங்க வீட்டு ஜன்னல்ல இருந்து பேத்துட்டு வந்தேன்."

"அப்ப உங்க ஜன்னலுக்கு?"

"எங்க வீட்ல இனிமே யாரு தவழப்போறா?" என்றார் அக்கா. "எடுத்து மாட்டு."

சட்டம் ஜன்னலைவிட ஒரு சாண் சின்னது. மேஸ்திரி சுற்றிலும் மரம் வைத்து அடைத்துப் பொருத்தினார். அவர் திருகாணி போடும்போது அக்கா சட்டத்தின் அடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். சட்டம் ஒரு பக்கம் சரிந்ததும் மனைவி வந்து மறுபக்கம் பிடித்தார். வேலை முடிகிறவரை இருவரும் கையை எடுக்கவில்லை. முடிந்ததும் மனைவி, "சாப்பிட்டுட்டுப் போங்க அண்ணி" என்றார். அக்கா இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டு மேஸ்திரி தொட்டிலுக்குக் கடைசித் திருகாணியை முடுக்கினார். வரவேற்பு மேஜைப் பலகையில் செய்தது, ஓரமெல்லாம் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று இருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்குத் திடீரென்று ஒரு பயம் வந்துவிட்டது. ஆயுசு முழுக்க ஆட்கள் கை வைக்காமல் பார்த்துவிட்டுப் போகிற சாமான்களையே செய்தவர் அவர். இதில் ஒரு உயிர் படுத்து உருளப்போகிறது. ஆட்டிப் பார்த்தார். அமுக்கிப் பார்த்தார். மனசு அடங்கவில்லை. சரி என்று தானே ஏறி உள்ளே உட்கார்ந்தார்.

தொட்டில் தாங்கியது. ஆனால் முழங்கால் தாடைக்கு வந்துவிட்டதால் எழுந்திருக்க முடியவில்லை. அழியைப் பிடித்து எழலாமென்றால், அழி உடைந்துவிட்டால் என்ன செய்வது என்று இருந்தது. அப்படியே இருந்து யோசித்துக்கொண்டிருந்தபோது அறைக் கதவு திறந்தது. மனைவிக்குப் பின்னால் அதிகாரி நின்றுகொண்டிருந்தார். அதற்கு முந்தைய வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதாம்.

அதிகாரி தொட்டிலைப் பார்த்தார், பிறகு தொட்டிலுக்குள் இருந்தவரைப் பார்த்தார்.

"இவர்தான் என் வீட்டுக்காரர்" என்றார் மனைவி, டாக்ஸிக் கம்பெனிக் குரலில்.

"வணக்கம்ங்க" என்றார் மேஸ்திரி, தொட்டிலுக்குள் இருந்தபடியே.

அதிகாரி வணக்கம் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கால் வலிக்கிறவர் மாதிரி நடந்தார். கம்பியை இழுத்துப் பார்த்தார். மேகத்தைப் பார்த்தார். கதவைச் சாத்தினார். 'வலியா?' என்று இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் படித்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றார். "பொழுதெல்லாம் நடைதான்." பிறகு திரும்பி, "குழந்தை அழுதா யாரு தூக்குவீங்க?" என்று கேட்டார்.

"யாரு பக்கத்துல இருக்கோமோ அவங்க" என்றார் மனைவி.

"நீங்க?"

"நான் முதல்ல இதுல இருந்து இறங்கணும்ங்க" என்றார் மேஸ்திரி.

அதிகாரி ஒரு கையும் மனைவி ஒரு கையும் கொடுத்து அவரைத் தூக்கிவிட்டார்கள். தொட்டில் அசையவில்லை. "தொட்டில் பலமாத்தான் இருக்கு" என்று அதிகாரி எழுதிக்கொண்டார். பல் விளக்கை மட்டும் கழற்றச் சொன்னார், வயர் குழந்தையின் கைக்கு எட்டுமாம். மேஸ்திரிக்கு முகம் விழுந்துவிட்டது. இருந்தாலும் அதிகாரியின் கண்ணெதிரேயே கழற்றி, பரண்மேல் வைத்தார்.

பத்து நாள் கழித்துக் குழந்தை வந்தது. டாக்ஸிக் கம்பெனியில் வண்டிக்குக் காசு வாங்கவில்லை. குழந்தைக்குத் தலை நிறைய முடி, யாரையோ விசாரிக்க வந்த மாதிரி ஒரு பார்வை. மனைவியிடம் உடனே ஒட்டிக்கொண்டது. மேஸ்திரியைக் கண்டால் உதட்டைப் பிதுக்கியது. மீசை என்றார்கள், எடுத்துப் பார்த்தார். மீசை இல்லாத முகத்தைப் பார்த்து இன்னும் பலமாக அழுதது. அந்த அறையும் அதற்குப் பிடிக்கவில்லை. தொட்டிலில் போட்டால் வீறிட்டது. சமையலறையில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் விரிப்பு போட்டால்தான் தூங்கியது. இவ்வளவு பாடுபட்டும் அறை சும்மா கிடந்தது. மேஸ்திரி எப்போதாவது போய் அறை விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அணைத்துவிட்டு வருவார். ஒருநாள் அதைப் பார்த்துவிட்ட மனைவி, "நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார். "நானும் ஒண்ணும் சொல்லலையே" என்றார் அவர்.

மனைவியின் லீவு முடிந்தது. அரங்கில் அந்த மாதம் கண்காட்சி குறைவு. எனவே பகலில் குழந்தையைப் பார்ப்பது மேஸ்திரியின் பாடு என்று ஆயிற்று. முதல் நாள் மனைவி படி இறங்கியதும் குழந்தை அழ ஆரம்பித்தது. பால் கொடுத்தார், தட்டிவிட்டது. தோளில் போட்டுத் தட்டினார், அவர் காதைப் பிடித்துக்கொண்டு காதுக்குள்ளேயே அழுதது. ஃபிரிட்ஜ்கூடப் பலிக்கவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் அறைக்குள் தூக்கிக்கொண்டு போனார். தெரியாத ஆட்களுக்கு ஸ்டாலைச் சுற்றிக் காட்டுவதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே பேச்சு.

"இது பாருங்க, மேகம்" என்றார். "இங்க ஒரு ஜாயின்ட் இருக்கு, தெரியுதா? தெரியாது. அப்படி ஒட்டியிருக்கு. இது ஜன்னல். இந்தக் கம்பி உங்க அத்தை கொண்டுவந்தது, அவங்க வந்தா அழாதீங்க. இது சுவரு. உங்க அம்மா மஞ்சள் கேட்டாங்க. அதைப்பத்திப் பேச வேண்டாம்."

மூன்றாம் சுற்றில் அழுகை விக்கலாயிற்று. ஐந்தாம் சுற்றில் விக்கலும் நின்றது. அவருக்குக் கால் ஓய்ந்துபோய், குழந்தையோடு தரையில் மெதுவாகச் சாய்ந்தார். அது அவர் மார்பில் கவிழ்ந்து படுத்து, சட்டையில் எச்சில் வழியத் தூங்கிப்போனது. அவர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் காற்றில் வைத்திருந்துவிட்டு, பிறகு அதன் முதுகில் வைத்தார். சின்ன முதுகு. கை முழுதும் வைக்க இடமில்லை.

போன் அடித்தது. ஒரு விரலால் எடுத்தார். அரங்கிலிருந்து சூப்பர்வைசர்.

"மேஸ்திரி, அவசரமா ஒரு வேலை. உடனே வர முடியுமா?"

"வர முடியாதுங்க" என்றார் ரகசியக் குரலில்.

"ஏன்?"

"என் மேல ஒருத்தர் படுத்திருக்காங்க."

சூப்பர்வைசர் யோசித்தார். "எப்ப எழுந்திருப்பாங்க?"

"கேக்க முடியல. தூங்கறாங்க."

"ஓ" என்றார் சூப்பர்வைசர். அவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி சரி, நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

போனை வைத்ததும் மேஸ்திரிக்குத் தொண்டை கரகரத்தது. இருமினால் தேவலை போலிருந்தது. சாயங்காலம் மனைவி வந்ததும் இருமிக்கொள்ளலாம் என்று அடக்கிக்கொண்டார்.