நாலாவது வீடு

1. திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரித் துணி அலமாரியின் அடித்தட்டில் பூனை நான்கு குட்டிகள் போட்டது. நான்கும் பால் குடித்தன.
2. செவ்வாய்க்கிழமை குட்டிகள் விறகுக் கொட்டகையில் கிடந்தன.
3. புதன்கிழமை மருந்தறையில், காலிப் போத்தல்களுக்கு நடுவே.
4. வியாழக்கிழமை சமையற்கட்டுத் தாழ்வாரத்தில், சாரல் அடிக்கும் மூலையில். சாம்பல் நிறச் சின்னக்குட்டி சில்லிட்டிருந்தது.

பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரி அது. நான் ஜொகூர் பாருவில் பிரசவம் பார்க்கப் படித்துவிட்டு வந்த புதிது; தோட்டத்தில் என்னை 'மிஸ்ஸி' என்பார்கள். எலிக்காக வளர்த்த பூனை என்றாலும், பெற்றவளுக்கு என்ன தேவை என்று எனக்குத் தெரியும்: சூடு, இருட்டு, சாப்பாடு, தொந்தரவில்லாத இடம். நான்கையும் கொடுத்திருந்தேன். அதனால் மூன்று நாளும் பூனையைத்தான் மனதுக்குள் திட்டினேன். அதுவோ ஒவ்வொரு முறையும் காலி அலமாரி முன் நின்று கத்தியது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை தாழ்வாரத்துக்குப் போனபோது வார்டு ஆயா கடைசிக் குட்டியை முந்தானையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"பூனை ஏழு வீடு மாத்தணும்ல மிஸ்ஸி. பாவம், பெத்த ஒடம்பு, அது எப்படித் தூக்கும்? நான் ஒரு கை குடுக்கறேன். நாலு வீடு ஆச்சு, இன்னும் மூணுதான்."

"உங்களை அது கேட்டுச்சா?"

"வாயில்லா ஜீவன் எப்படி மிஸ்ஸி கேக்கும்?"

"லயத்துல பெத்தவள மூணாம் நாள் தண்ணி எடுக்க அனுப்பினா, புருசன விளக்கமாத்தால விரட்டுவீங்களே!"

"அது மனுசி. இது பூனை. பூனைக்கு வேற சட்டம்."

ஆயா சிரிக்கவில்லை, சட்டத்தை அவ்வளவு நம்பினாள். மருந்தறை வாசலில் நின்ற, மருந்து கொடுக்கும் டிரெசர்தான் சிரித்தார். டாக்டர் வராத நாட்களில் ஆஸ்பத்திரிக்கு அவர்தான் பெரியவர்.

"மிஸ்ஸி, பூனைக்கு டிக்கெட் எழுதி மேல வார்டுல படுக்க வைங்களேன்!"

ஆயா குட்டிகளைத் தன் மருந்தறையில் கொண்டுவந்து வைத்ததைப் பார்த்தும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாத மனிதர் அவர்.

வெந்நீர் போத்தலைக் கம்பளித் துணியில் சுற்றி, சின்னக்குட்டியை அதன்மேல் கிடத்தினேன். உடல் சூடேறும் முன் பால் கொடுக்கக்கூடாது. மாலையில் கால்கள் அசைந்தன. தாயின் காம்பில் வைத்தேன். வாய் திறந்தது, உறிஞ்சத் தெம்பில்லை. தாய் விடாமல் நக்கிக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை காலை குட்டி விறைத்திருந்தது.

ஆயா அழுதாள். மன்னிப்புக் கேட்பாள் என்று எண்ணினேன்.

"நாலாவது வீட்டோட நீங்க நிறுத்திட்டீங்களே மிஸ்ஸி," என்றாள். "ஏழும் முடிச்சிருந்தா பொழைச்சிருக்கும்."

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்திலும் அப்படியே சொல்லிவைத்தாள். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களுடைய பிரசவங்களையும் நான்தான் பார்க்க வேண்டியிருந்தது.

மூன்று குட்டிகளை அலமாரிக்கே கொண்டுவந்தேன். கதவிரண்டையும் கயிற்றால் கட்டி, பூனை நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டேன். ஆயாவின் கை அதில் நுழைந்தாலும் உள்மூலையிலிருந்த குட்டிகளை எட்டாது. அவளையே கையை விட்டுப் பார்க்கச் சொன்னேன். மூன்றும் கண் திறந்தன, மூன்றும் பிழைத்தன. நாலாவதைக் கொன்றது நான்தான் என்று அந்தத் தோட்டத்தில் இன்னமும் சொல்கிறார்கள்.