அளக்காமல் எழுதிய பிரஷர்

கணவர் இறந்த பின், தாம்பரத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் உதவி நர்ஸ் வேலை கேட்டேன். முன் அனுபவம் உண்டு என்று பொய் சொல்லிவிட்டேன். முதல் நாளே, தலைசுற்றலோடு வந்த மீன்காரம்மாவுக்கு பிரஷர் பார்க்கச் சொன்னார்கள். எனக்குத் தெரியாது. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துவிட்டு, 120/80 என்று எழுதினேன்.

"இன்னாம்மா, குழாய காதுல மாட்டாமயே எழுதற? வஞ்சிரத்த நிறுக்காம ரெண்டு கிலோன்னா நீ ஒத்துப்பியா?" என்று சிரித்தார் அவர்.

தலைமை நர்ஸிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் வந்து அளந்தபோது இருநூறைத் தாண்டியிருந்தது. உடனே மருந்து கொடுத்தார்கள்.

எனக்கு வேலை போயிற்று. ஊரப்பாக்கத்து வாடகை அறையில் அதைச் சொல்லி அழக்கூட ஆள் இல்லை. அந்த அம்மா என்னால் சாகவில்லை என்ற நினைப்பு மட்டும்தான் அன்று எனக்குத் துணை.