முன்வாசலுக்கு வந்த சல்லடை

யாரை ஒளித்துவைத்துச் சோறு போடுகிறாய் என்று கேட்டுக்கொண்டுதான் பொலிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது. கிளர்ச்சிக்காரர்கள் என்று வீடுகளிலிருந்து இழுத்துப்போன பிள்ளைகள் திரும்பியே வராத காலம் அது. ஒருவனை ஒளித்துவைத்தது தெரிந்தால் வீட்டோடு கொண்டுபோவார்கள். நான் சோறு போட்டதோ குருவிகளுக்கு. சொன்னால் யார் நம்புவது?

உக்குவளையில் ரோட்டோரம் எங்கள் வீடு. பின்வளவு கொக்கோ மரங்களுக்குள் போய் முடியும். விடிந்ததும் சோற்றோடு பின்கதவால் இறங்குவேன். பூனை பதுங்கியிருக்கிறதா என்று செடி செடியாகக் குனிந்து பார்ப்பேன். மெல்லிய குரலில் "வா, வா" என்று கூப்பிட்டுவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொள்வேன். ஆள் நின்றால் குருவிகள் இறங்காது. தூரத்திலிருந்து பார்த்த எவனோ ஒரு புண்ணியவான் போட்டுக்கொடுத்துவிட்டான்.

வந்த பொலிஸ்காரர்களுக்குத் தலைவரான சார்ஜன் வளவு முழுக்கத் துழாவினார். அகப்பட்டது ஒரு சல்லடை. முதலில் மண்சட்டிதான் வைத்திருந்தேன். மழைத்தண்ணீர் தேங்கிச் சோறு புளித்தது. பிறகு வைத்த, அரிசி புடைக்கிற சுளகைக் கறையான் அரித்தது. கடைசியில், தேயிலை ஃபெக்டரியில் கழித்துப்போட்ட மரச்சட்டம் போட்ட கம்பிச் சல்லடை ஒன்றைக் கேட்டு வாங்கி, நாலு செங்கல் மேல் வைத்தேன். தண்ணீர் வடிந்துவிடும். எலி வராமலிருக்க மிச்சத்தை மாலையில் அள்ளிவிடுவேன். அடிக்கடி கொதிநீர் ஊற்றித் தேங்காய்த் தும்பால் தேய்த்துக் காயவைப்பேன். எச்சம் சேர்ந்தால் நோய் வரும் என்று இடத்தையும் மாற்றுவேன். அத்தனையையும் சார்ஜனுக்கு ஒன்றுவிடாமல் சிங்களத்தில் விளக்கினேன். அவர் கொட்டாவி விட்டார்.

கொக்கோ மரத்தில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கத்தின. "தெமலிச்சோ" என்று சார்ஜன் சிரித்தார். சிங்களத்தில் அந்தக் குருவிக்கு அதுதான் பெயர். தமிழச்சிகள் மாதிரி ஓயாமல் கத்துமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கத்தும்தான் மாத்தயா. ஆனா யாரு வீட்டுலயும் பூந்து தேடாது."

சிரிப்பு நின்றது. மிளகு, கிராம்பு விற்கும் வாசனைத் திரவியக் கடையில் கணக்கு எழுதும் என் கணவரை ஜீப்பில் ஏற்றினார்கள். கோழியைக்கூட அதட்டத் தெரியாத மனிதர். என் வாயால் வந்தது என்று பிறகு பலர் சொன்னார்கள். நான் வாயைப் பொத்தியிருந்தாலும் கொண்டுபோயிருப்பார்கள்; வெறுங்கையோடு போக அவர்கள் வரவில்லை.

பொலிஸ் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். பொழுது சாயும் நேரம் விட்டார்கள். சட்டையில் பித்தான்கள் இல்லை. உள்ளே என்ன நடந்தது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"அந்தச் சல்லடைய ஒடச்சு அடுப்புல வையி."

"மாட்டேங்க. நாளைக்கு முன்வாசலுக்குக் கொண்டுபோறேன்."

"ஒனக்கென்ன பைத்தியமா? இன்னைக்குத் திருப்பி அனுப்புனானுங்க. அடுத்த தடவ அனுப்புவானுங்களா?"

"இப்ப எடுத்துட்டா, ஆளு தப்பிச்சுப் போயிட்டான், அதான் சோறு நின்னுருச்சுன்னு சொல்லுவாங்க. ரோட்டுல போறவங்க வர்றவங்க எல்லாரும் பாக்கட்டும், நம்ம வீட்டுல யாரு சாப்புடுறாங்கன்னு."

அது பாதிக் காரணம். மீதி கோபம். என் வளவில் என் சோற்றைக் குருவிக்குப் போட நான் எவனிடம் அனுமதி கேட்க வேண்டும்?

பூனை பதுங்க இடமில்லாமல் முன்வாசல் குரோட்டன் செடிகளை வெட்டிவிட்டுச் சல்லடையை வைத்தேன். பஸ் சத்தத்துக்குப் பயந்து மற்றவை ஒதுங்க, முதலில் காகங்கள்தான் வந்தன. பிறகு மைனாக்கள், மணிப்புறாக்கள். ஒருநாள் தவிட்டுக்குருவிகளும் தங்கள் சண்டையோடு வந்து சேர்ந்தன. என் கணவர் மட்டும் என்னோடு பேசவில்லை. வேலைக்குப் போகும்போது சல்லடையைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போவார்.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டேன். காலையில் எழ முடியவில்லை. சோற்றுச்சட்டியை எடுத்துக்கொண்டு அவர் முன்வாசலுக்குப் போவதை ஜன்னலால் பார்த்தேன். கனவு என்றுதான் நினைத்தேன். அப்போது ஜீப் வந்து நின்றது.

அதே சார்ஜன். இறங்கி வந்து சல்லடையின் பக்கத்தில் சப்பாத்துக் காலைப் பரப்பிக்கொண்டு நின்றார். கணவர் குனிந்தபடி சோற்றைப் பரப்பிக்கொண்டிருந்தார்.

"இன்னும் சாப்பாடு நடக்குதா?" சிங்களத்தில் கேட்டார் சார்ஜன்.

கணவர் நிமிர்ந்தார். அவருடைய வழக்கமான தாழ்ந்த குரல்தான். அதே சிங்களத்தில் சொன்னார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாத்தயா. நீங்க இங்க நின்னா அதுங்க எறங்காது."

சார்ஜன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கணவர் கண்ணை எடுக்கவில்லை. ஜீப்புக்குப் பின்னால் நின்ற பஸ் ஹோர்ன் அடித்தது. சார்ஜன் பின்வாங்கினார், பிறகு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

ஜீப் கண்ணை விட்டு மறையும்வரை கணவர் கேட்டடியிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து, இத்தனை நாள் பேசாதவர், என் கட்டில் ஓரத்தில் நின்று கேட்டார்.

"தும்பு எங்க வச்சிருக்க? சாயங்காலம் சல்லடையக் கழுவணும்."