சுடுகாட்டுச் சுத்தம்

கண்ணாடித் தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்தி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அதட்டுகிறார் மேரி: “இன்னாடா, குடும்பத்தோட குந்திகினு கீறீங்க?” தட்டில் புள்ளி புள்ளியாய் வளர்ந்திருக்கும் கிருமிகளோடுதான் பேச்சு.

அணுபுரத்தை அடுத்த ஓர் ஆய்வுக்கூடத்தில் பத்து வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. தட்டு கழுவ வந்தவர். இன்று தட்டுகளைக் கிருமி வளர்க்கும் சூடுபெட்டியில் வைப்பதும் எடுப்பதும் அவர்தான். வேலை மாறிவிட்டது, அடையாள அட்டையில் ‘துப்புரவு’ மாறவில்லை. வைக்கிற ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் ‘மே’ என்று எழுதுவார். “ஒடஞ்சா எந்தலையில கட்டுவாங்கல்ல? ஒடையாததும் என்னுதுன்னு தெரியட்டும்.”

கிருமிகள் மீது அவருக்குச் சொந்தப் பகை. கொத்தனாரான கணவர் செல்வராஜின் முறிந்த காலில் வைத்த உலோக பிளேட்டில் கிருமி தொற்றிச் சீழ் பிடித்து, அதைக் கழற்றி எறிந்தார்கள். கால் இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டது. மாதா கோயில் தீர்த்தமும் பலிக்கவில்லை, பக்கத்து வீட்டு ஆயுத பூஜைக் குங்குமமும் பலிக்கவில்லை. மேரி இரண்டையும் ரகசியமாகத் தட்டில் தடவி வளர்த்துப் பார்த்தார். முடிவை மட்டும் பேருந்தில் எல்லோருக்கும் அறிவித்தார்: “ரெண்டுலயும் ஒரே கும்பலு. அதுங்களுக்கு சாதி மதம் கெடையாதும்மா!”

2004இல் விஞ்ஞானி பார்த்தசாரதி, எலும்பில் பொருத்தும் டைட்டானியம் பிளேட்டுக்குக் கிருமியைக் கொல்லும் வெள்ளி கலந்த பூச்சு ஒன்று செய்தார். கிருமி ஒன்றுகூட மிஞ்சவில்லை. மனிதர் லட்டு வாங்கி வந்துவிட்டார். மேரி லட்டைத் தொடவில்லை. பக்கத்துத் தட்டைக் காட்டினார். அதில் எலும்புச் செல்கள். உயிரோடிருந்தால் மேலே ஊற்றிய சாயம் ஊதாவாகும். வெளுத்துக் கிடந்தது.

“பூச்சியும் செத்துச்சு, எலும்பும் செத்துச்சு. சுடுகாடு கூட சுத்தமாத்தான் சார் கீது. எங்கூட்டுக்காரு மாதிரி ஆளுக்கு எலும்பு ஒட்ட வாணாமா?”

வெள்ளியைப் பாதியாக்கினார்கள், கால்வாசியாக்கினார்கள். ஆறாவது மாதம் கிருமித் தட்டு வெறுமை. எலும்புத் தட்டு கத்திரிப்பூ நிறம்.

ஆய்வுக் கட்டுரை அச்சாகி வந்தது. ஐந்து பெயர்கள். ஒருநாளும் தட்டைத் தொடாத துறைத்தலைவர் பெயர் முதலில்.

“எம்பேரு எங்க சார்?”

“கான்ட்ராக்ட் ஆளுங்க பேரைப் போட ரூல் இல்லம்மா.” பார்த்தசாரதி தரையைப் பார்த்தார்.

மேரி பக்கங்களைப் புரட்டினார். மூன்றாவது படத்தில் அந்த ஊதாத் தட்டு. அதன் ஓரத்தில், யாரும் கவனிக்காத ‘மே’. இடுப்பில் செருகியிருந்த மார்க்கரை எடுத்து, மூடியைப் பல்லால் கழற்றி, அதையடுத்து ‘ரி’ என்று எழுதினார்.