சித்தாமூராள்

செஞ்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அன்றைக்கே ரத்னத்தின் பெயரைப் பிடுங்கிக்கொண்டார்கள். மாமியார் பெயரும் ரத்னம். மருமகளை அந்தப் பெயர் சொல்லி அதட்டினால் பெரியவளை அதட்டியதாகிவிடாதா? பிறந்த ஊர் மேல்சித்தாமூர் என்பதால் அவள் "சித்தாமூரா" ஆனாள். மாட்டுக்குக்கூட லட்சுமி என்று பெயர் வைக்கிற ஊர் இது.

நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்ற சமண மும்மணிகளை நினைத்து அவளுடைய நைனா வைத்த பெயர் அது. மகளைப் பார்க்க வந்தவர் ஒருமுறை வாசலில் நின்று "ரத்னம்!" என்று குரல் கொடுக்க, சம்பந்தியம்மா வெளியே வந்துவிட்டாள். மனுஷர் கூசிப்போனார். அதற்கப்புறம் அவரும் "அம்மாடி" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பதினெட்டு வருஷம். விடிந்தால் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, அரிசி மண்டி ஆட்களுக்கும் சேர்த்துப் பொங்கி, பொழுது ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்குமுன் அத்தனை பேரையும் சாப்பிட வைத்து, பிறகு பாத்திரம். வேலைக்கு வேலை "சித்தாமூரா" என்று ஒரு கூப்பாடு. படுக்கையில் விழுந்த மாமியாருக்கு நாலு வருஷம் பீ மூத்திரம் அள்ளியதும் அவள்தான். அறுபத்தாறு வயதில் கிழவி போய்ச் சேர்ந்தாள். ரத்னம் நிஜமாகவே அழுதாள். அழுகையினூடே, இனி என் பெயர் எனக்குத்தானே என்றும் தோன்றியது. தோன்றியதற்கு வெட்கப்பட்டாள்.

ஆறாம் மாசம் கொழுந்தன் பெண்டாட்டிக்குப் பெண் குழந்தை பிறந்தது. செத்துப்போன அம்மாவின் பெயர்தான் என்று அண்ணன் தம்பி இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். அன்று புருஷன் சீதளநாதனுக்குச் சோறு போடும்போது கேட்டேவிட்டாள்.

"ஏங்க, கொயந்தைக்கு வேற பேரு வைக்கலாமே."

"அம்மா பேரு வைக்காம வேற இன்னா வைக்கிறது?"

"அது என் பேருங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பாவம், மறந்தே போயிருந்தார்.

"உன்னத்தான் நல்லா கூப்டுனு இருக்கறமே, சித்தாமூரா. இப்ப இன்னா வந்துச்சி? மோரு ஊத்து."

ஊற்றினாள். கோபப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

பெயர் வைக்கிற நாளில் குழந்தையின் காதில் மூன்று தடவை பெயர் சொல்வது வீட்டின் மூத்த மருமகள் பொறுப்பு. பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் போட்டார்கள். குனிந்து "ரத்னம்" என்றாள். அந்த வீட்டில் அவள் வாய் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மறுபடியும் "ரத்னம்" என்றாள்.

மூன்றாவது தடவை, உதட்டைக் காதோடு வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். யாருக்கும் தெரியவில்லை. சர்க்கரைத் தட்டு சுற்றி வர ஆரம்பித்தது. மூன்றில் ஒரு பெயரையாவது கொடுக்காமல் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.